மல்லன் வளைய மாட்டான்

கேசவர்த்தினி. அந்த ஒரு ஸ்டாப்பின் பேரைச் சொன்னால் போதும், டிரைவர் ஓரம் கட்டிவிடுவான். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் குரல் வரும். குரல் வந்தால் இந்த ஷேர் ஆட்டோவுக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிற ஆண்களில் ஒருவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பான், அவன்தான் இவன் என்று அவளுக்கும் இவள்தான் அவள் என்று அவனுக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிடும். பியூலா வடபழனியில் ஏறும்போதே வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஏறினாள். "போரூர் போரூர், வளசரவாக்கம் போரூர்" என்று டிரைவர் கூவிக்கொண்டிருந்தான். "கேசவர்த்தினி நிக்குமா தம்பி" என்று எப்போதும் கேட்கிறவள் இன்றைக்குக் கேட்கவில்லை. அங்கே எல்லா வண்டியும்தான் நிற்கும், நிற்கும் என்று தெரிந்தேதான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு பேச்சுக்கு, ஒரு மனுஷத்தன்மைக்கு. இப்போது அந்தப் பேச்சு தொண்டையில் ஒரு மீன்முள் மாதிரி குறுக்கே நிற்கிறது. மழை வருகிற மாதிரி வானம் கறுத்து, சாயங்காலம் சாயங்காலமாகவே இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை. எதிர் சீட்டில் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன், மடியில் சாப்பாட்டுப் பை. அவனுக்குப் பக்கத்தில் தாடிக்காரன் ஒருவன், காதில் ஒயர். அவளை ஒட்டி நீல யூனிஃபார்ம் சேலை கட்டிய ஒரு அம்மா, போரூர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலையாக இருக்கும், கையில் பினாயில் வாசனை. அந்த அம்மாவின் தோளோடு தன் தோளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள் பியூலா. சுவரோடு சாய்கிற மாதிரி இருந்தது. சுவர் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்த அம்மா ஆழ்வார்திருநகரிலேயே இறங்கிவிட்டால்? யாராவது பேசுங்களேன், என்று அவள் அந்த ஆண்களைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தை, ஒரு இருமல் போதும். எனக்குக் குரல் தெரியும். எந்தக் குரல் எந்த நெஞ்சிலிருந்து வருகிறது என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். நீங்கள் ஒரு தடவை 'சில்லறை இருக்கா' என்று கேட்டால் போதும், நீ இல்லை, நீ இல்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துவிடுவேன். ஆனால் மூன்று பேரும் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஊரே பேச்சை விட்டுவிட்டது, எல்லாம் விரலில் போய்விட்டது.

பின்னணிக் குரல் கொடுப்பது அவள் தொழில். படத்தில் கூட்டத்தோடு நின்று ஒப்பாரி வைக்கிறவள், கிணற்றில் விழுகிறவள், கல்யாண மண்டபத்தில் 'பொண்ணைக் காணோம்' என்று கத்துகிறவள், அதெல்லாம் பியூலா. ஒரு சீரியலில் கெட்ட நாத்தனார். பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூனில் ஒரு அணில். அந்த அணிலைச் சபையில் எல்லாருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் குட்டிப் பிள்ளைகள் வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும், 'ஆன்ட்டி, அணில் மாதிரி பேசுங்க.' அவள் வீட்டுக்காரன் ஞானதுரைக்கு அணிலில் பெரிய பெருமை. வேலை செய்கிற கட்டட சைட்டில்கூடச் சொல்லிவைத்திருக்கிறான், 'நம்ம வீட்டுல ஒரு அணில் இருக்கு.' கம்பி விளம்பரத்துக்கு அவள் பேசியதைப் பற்றி மட்டும் அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாதது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் ஒரு மத்தியானம், அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தெரியாத நம்பர், புதுப்பட வேலையாக இருக்கும் என்று கை துடைத்துவிட்டு எடுத்தாள். "ஹலோ" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஒருத்தன் மூச்சை இழுத்தான். அப்புறம், "மல்லன் கம்பிதானுங்களே?" "ராங் நம்பருங்க." "இல்லைங்க மேடம், கரெக்ட்டான நம்பர்தாங்க." முரட்டுக் குரல் இல்லை. குடிகாரக் குரல் இல்லை. பேங்கிலிருந்து பேசுகிறவன் மாதிரி மரியாதை, சுத்தமான உச்சரிப்பு, வாக்கியத்தின் கடைசியில் மட்டும் மூச்சு கொஞ்சம் நனைந்திருந்தது. அந்த நனைவுதான் அவளைப் பயமுறுத்தியது. நம்பரை பிளாக் செய்தாள். வேறு நம்பரிலிருந்து வந்தது. "நான் தப்பான ஆள் இல்லைங்க மேடம். உங்க குரல் கேட்டாத்தான் தூக்கம் வருது." அதையும் பிளாக் செய்தாள். நேற்று இன்னொரு நம்பர். "அந்த மஞ்சள் சுடிதார் நல்லாயிருந்துச்சுங்க. விளம்பரப் படத்துல நிக்கிறவளைவிட நீங்கதான் பொருத்தம்." முந்தாநாள் அவள் மஞ்சள்தான் போட்டிருந்தாள். போன் கையிலிருந்து நழுவி மாவுச் சட்டிக்குள் விழுந்தது. மஞ்சள். எங்கே பார்த்தான்? ஸ்டுடியோ வாசலிலா, டீக்கடையிலா, இதே மாதிரி ஒரு ஆட்டோவில் எதிர் சீட்டிலா, அவன் முழங்கால் இவள் முழங்காலில் இடித்ததா, 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்' என்று இவளே பேசியிருப்பாளா, அந்த 'சார்'தான் காட்டிக்கொடுத்ததா? நம்பரை யார் கொடுத்திருப்பார்கள்? எல்லார் போனிலும் அவள் நம்பர் இருக்கிறது, வேலைக்குக் கூப்பிட வேண்டுமே, வாட்ஸ்அப் குழுவில் யார் யாரோ. இன்றைக்குப் பழைய காப்பிப்பொடி நிறச் சுடிதாரைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், நிறத்தை மாற்றினால் தப்பிவிடலாம் என்கிற மாதிரி. பைக்குள் போன் அதிர்ந்தது. துணிக்குள் பிடித்துவைத்த தவளை மாதிரி துடித்தது. அவள் எதிரே இருந்த கைகளைப் பார்த்தாள். கட்டச்சட்டையின் கட்டைவிரல் திரையில் மேலே கீழே போய்க்கொண்டிருந்தது. தாடிக்காரன் கண்ணை மூடியிருந்தான். வழுக்கைத் தலையின் கை தெரியவில்லை, தலை மட்டும் தெரிந்தது, கை எங்கே, கை என்ன செய்துகொண்டிருக்கிறது? போன் அடங்கியது. அடங்கியதும் வழுக்கைத் தலை கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தது. அவள் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே, பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்துப் போனை அணைத்தாள். அது செத்தது என்று உறுதியானதும்தான் மூச்சு விட்டாள். உடனே இன்னொரு பயம் வந்தது: இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை.

விருகம்பாக்கத்தில் வண்டி நின்று நின்று நகர்ந்தது. மெட்ரோவுக்காக ரோட்டின் நடுவயிற்றைக் கீறிப் போட்டிருந்தார்கள், பாதி எழும்பிய தூண்களின் தலையிலிருந்து கம்பிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. எங்கே பார்த்தாலும் கம்பி. தடுப்புத் தகரத்துக்கு மேலே, அதோ, அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்த போர்டு: நனைந்த சிவப்புச் சேலை, ஒரு கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் அணைத்து, கன்னத்தை அதன் மேல் வைத்து, உதடு கொஞ்சம் பிரிந்து, ஒரு பெண். மும்பையிலிருந்து வந்தாள் என்றார்கள். அவளை பியூலா பார்த்ததே இல்லை. அவள் ஒரு நாள் வந்து நனைந்துவிட்டுப் போனாள், இவள் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போனாள். அந்த வாயில் இவள் குரலை வைத்தார்கள், இந்தக் குரலுக்கு அவள் உடம்பை மாட்டினார்கள். இரண்டையும் ஒட்டிச் செய்த அந்தப் பொம்பளை உலகத்தில் எங்கேயும் கிடையாது. அவளைத்தான் அவன் தேடிக்கொண்டிருக்கிறான். அகப்பட்டது நான். அந்தப் பெண்ணுக்கும் எங்கேயாவது போன் வருமா, அவள் எந்த நிறத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு எந்த வண்டியில் போகிறாளோ. அன்றைக்கு ஸ்டுடியோவில் ஏ.சி. பல்லைக் கிட்டவைத்தது. விளம்பரம் எடுத்த இளைஞன் நல்ல பிள்ளைதான், அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவள் முதலில் சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குக்கா. கம்பியை மறந்துடுங்க. கம்பியைப் பத்தி யாரு பேசுறா?" "அப்ப எதைப் பத்தி தம்பி பேசுறோம்?" அவன் முகம் சிவந்து பொத்தான்களைப் பார்த்தான். "வீடு கட்டுறவன் ஆம்பளைக்கா, கம்பி வாங்குறவனும் ஆம்பளை. வெயில்ல நின்னுக்கிட்டிருப்பான். அவன் காதுக்குள்ள போய்ச் சொல்லணும். குரல்ல கொஞ்சம் வேர்வை வேணும்க்கா." அவளுக்குச் சிரிப்பு வந்தது. குரலில் வேர்வை. கண்ணை மூடித் தேடினாள். வந்தது சூளைமேட்டு ஒற்றை அறை. கல்யாணமான புதிது, அறைக்கு நடுவே பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் மாமனாரும் மாமியாரும், இந்தப் பக்கம் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்புச் சாப்பாட்டுக்கு அப்புறம், மாமனாரின் குறட்டை ஏறி இறங்கும். எதைச் சொன்னாலும் ஞானதுரையின் காதுக்குள்தான் சொல்ல வேண்டும். 'மண்ணெண்ணெய் தீர்ந்துபோச்சு.' 'உங்க அம்மா முழிச்சிட்டாங்க.' சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் எதையாவது சொல்லுவாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாதி காற்றாக. அந்தக் காற்றை எடுத்துத்தான் மைக்கில் விட்டாள். "தொட்டுப் பாருங்க... அழுத்திப் பாருங்க... மல்லன். வளைய மாட்டான்." முடித்துக் கண்ணைத் திறந்தபோது யாரும் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர், பல வருஷமாகத் தெரிந்த மனுஷர், மகள் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். "எங்கக்கா வச்சிருந்தீங்க இதை!" என்றான் அந்த இளைஞன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த மௌனம்தான் சரியில்லை. நாத்தனாராகக் கத்தினால் எல்லாரும் கைதட்டுவார்கள், கிணற்றில் விழுந்தால் கைதட்டுவார்கள். அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

"ஏ, இத கேளு" என்று டிரைவர் எஃப்.எம்.மைக் கூட்டினான். விளம்பரத்துக்கு முன்னால் வரும் அந்த உடுக்கைச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், இப்போது வேண்டாம், கர்த்தாவே, இந்த வண்டிக்குள் வேண்டாம். தலைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அவளே பேசினாள். பிடரியில் தன் மூச்சே வந்து படுகிற மாதிரி இருந்தது. தொட்டுப் பாருங்க. அவள் உதடுகள் தானாக அசைந்தன, பழக்கதோஷம், உடனே கடித்துக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா? அழுத்திப் பாருங்க. கட்டச்சட்டை நிமிர்ந்து பார்த்தான். அவளையா, ஸ்பீக்கரையா? ஸ்பீக்கர் அவள் தலைக்குப் பின்னால்தான் இருந்தது. இரண்டும் ஒரே திசை, எப்படித் தெரியும்? வழுக்கைத் தலை டிரைவரின் தொடையைத் தட்டி, "மல்லன், வளைய மாட்டான்!" என்று பெண் குரலில் சொல்லிச் சிரித்தது. தடித்த, சளி கட்டிய குரல். அவன் இல்லை. ஒரு ஆள் கழிந்தான். "நெஜம்மா சொல்லுண்ணே, இந்தப் பொம்பளை எப்படி இருப்பா?" என்றான் டிரைவர். வாயில் ஹான்ஸ் புகையிலை ஒதுக்கிய குரல். அவனும் இல்லை. "போர்டுல இருக்காளே." "அது வேற பொண்ணு. வாய்ஸ் வேற ஆளாம். என் மச்சான் சொன்னான்." அவள் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன. வாய்ஸ் வேற ஆளாம். அப்படியானால் இது ஊருக்கே தெரிந்திருக்கிறது, டிரைவரின் மச்சானுக்குத் தெரிந்திருக்கிறது, இன்னும் பேர் மட்டும்தான் தெரியவில்லை. நீல யூனிஃபார்ம் அம்மா முகத்தைச் சுளித்தாள். "அத மாத்து தம்பி. கருமம். கம்பி விக்கிறதுக்கு இப்படியா முனகுவா ஒருத்தி? வீட்ல புருசன் புள்ள இல்லியா அவளுக்கு?" என்று கேட்டுவிட்டு, பெண்ணுக்குப் பெண் என்று பியூலாவின் தொடையைத் தொட்டு, "சொல்லு கண்ணு" என்றாள். பியூலா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, எப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அம்மாவின் தோள் சூடாக இருந்தது. அந்தத் தோளிலிருந்து தன் தோளைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள். சுவரும் போயிற்று.

புருசன் இல்லியா. இருக்கிறான். அவனுக்கும் அந்த விளம்பரம் பிடிக்கும். அதுதான், அந்த ஆள் மஞ்சள் சுடிதார் என்று சொன்னதைவிடவும் அடிவயிற்றில் போய் நிற்கிற விஷயம், யோசிக்கக் கூடாது என்று தள்ளித் தள்ளி வைக்கிற விஷயம். முகலிவாக்கத்தில் அவன் மேற்பார்வை பார்க்கிற சைட்டில் நாளெல்லாம் ரேடியோ ஓடும், சென்ட்ரிங் பலகை அடிக்கிறவர்கள் ஆளுக்கு ஆள் அந்த வரியைச் சொல்லித்தான் கம்பியைத் தூக்குகிறார்களாம். வீட்டு ஓனரே மல்லன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். "கம்பி ஒண்ணும் பெரிசா இல்ல பியூலா, மத்த கம்பி மாதிரிதான். அந்தப் பொம்பளை பேசுதா பாரு, அதுக்கே வித்துரும்" என்றான் ஒரு நாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். இப்போது சொல்லிவிடலாம், இப்போது திரும்பி, சிரித்துக்கொண்டே, 'அந்தப் பொம்பளை நாந்தான்' என்று சொன்னால் அவனும் சிரித்துவிடுவான், முதுகில் ஒரு அடி போடுவான், முடிந்தது. அதற்குள் டி.வி.யில் அதே விளம்பரம் வந்தது. அவன் ரிமோட்டைத் தேடிச் சத்தத்தைக் கூட்டினான். பதினாலு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன், சூளைமேட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் அதே காற்றை அதே காதில் வாங்கிக்கொண்டு 'கூச்சமா இருக்குட்டி' என்று நெளிந்தவன், கன்னத்தில் கைவைத்துக் கேட்டான். கேட்டு முடித்து அவளைப் பார்த்தான். "பேசுனா இப்படிப் பேசணும். நீயுந்தான் குரல வச்சுப் பொழைக்க, அணிலு பூனைன்னுட்டு. ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" விளையாட்டாகத்தான் கேட்டான். அவள் தோசையைத் திருப்பிப்போட்டாள். அன்றையிலிருந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் கோபப்படுவான் என்பதில்லை. சைட்டில் அத்தனை ஆம்பளைகள் வாயிலும் கிடந்து புரள்வது தன் பெண்டாட்டியின் குரல் என்று தெரிந்தால் அவன் எப்படிச் சைட்டில் போய் நிற்பான் என்பதும் இல்லை, அதுவும்தான். ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. ஒரே ஒரு ஹலோவில் ஒருத்தன் கண்டுபிடித்தான். இவன் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆள் நல்லவனாக இருந்து, நேரில் வந்து, 'உங்க குரல் இது' என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று ஒரு எண்ணம், பாம்பு மாதிரி, படக்கென்று தலையைக் காட்டிவிட்டு உள்ளே போனது. அவள் அதைப் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தாள். சபையில் வேதபாடம் வாசிக்கிறது அவள் முறை. போன ஞாயிறு நிருபத்தை வாசிக்கும்போது குரல் எங்கேயாவது வழுக்கி அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயந்து பயந்து, சந்தைக்கு விலை சொல்கிற மாதிரி வாசித்தாள். 'என்ன சிஸ்டர், உடம்பு சரியில்லையா' என்று கேட்டார் பாஸ்டர். இல்லை பாஸ்டர், எனக்குள் இருக்கிற ஒருத்தியை வெளியே விட்டுவிட்டேன், அவள் திரும்பி வர மாட்டேன் என்கிறாள்.

ஆழ்வார்திருநகர் போயிற்று. தாடிக்காரன் கண்ணைத் திறந்து, வாயைத் திறக்காமல், கூரையைத் தட்டி இறங்கிப் போய்விட்டான். அவன் குரலைக் கேட்கவே இல்லை. கழிக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. இறங்கியவன் அதோ பிளாட்பாரத்தில் நின்று போனைக் காதில் வைக்கிறான், யாருக்குப் பேசுகிறான், என் போன் அணைந்திருக்கிறது, அணைந்திருக்கிற போனுக்கு யாராவது இப்போது அடிக்கிறார்களா? கேசவர்த்தினி வருகிறது. தட்டலாம். அவனைப் போலவே கூரையைத் தட்டினால் போதுமே, பேசவே வேண்டாமே. கையைத் தூக்கினாள். கட்டச்சட்டை அவள் கையைப் பார்த்தான். இறங்கினால் இவனும் இறங்குவானா? இறங்கிச் சந்துக்குள் நடக்க வேண்டும், மாவு மில், பூட்டிக் கிடக்கிற கல்யாண மண்டபம், அதற்கப்புறம்தான் வீடு. வீட்டைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். நான் முன்னால் நடக்க, அவன் பின்னால் நடக்க, நானே வழிகாட்டி. கையை இறக்கிக் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள், அதற்காகத்தான் தூக்கிய மாதிரி. ஸ்டாப் வந்தது, பூக்காரி வந்தாள், மருந்துக்கடை வந்தது, பின்னால் போயிற்று. தன் வாழ்க்கை அப்படியே பக்கவாட்டில் நழுவிப் போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வழுக்கைத் தலை காரம்பாக்கத்தில் இறங்கினான். இப்போது உள்ளே அவளும், அந்த அம்மாவும், கட்டச்சட்டையும்தான். மழை பொட்டுப் பொட்டாக ஆரம்பித்தது. கட்டச்சட்டை முன்னால் குனிந்தான். அவன் முகம் பக்கத்தில் வந்தது, வாயில் ஏலக்காய் மணம். "மேடம்" என்றான். அவள் உடம்பு முழுக்கக் காதாகி, அந்த ஒரு சொல்லைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தது. மேடம். அதே மேடமா? கடைசியில் நனைந்திருந்ததா? "உங்க துப்பட்டா வெளிய தொங்குதுங்க. சக்கரத்துல மாட்டிக்கும்." மூக்கால் பேசுகிற, கொஞ்சம் திக்கலான குரல். அவன் இல்லை. அவன் இல்லவே இல்லை. அவள் துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்தாள். ஒரு தேங்க்ஸ் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, முகம் சுருங்கி, போனுக்குத் திரும்பினான். பாவம். நல்ல மனுஷனைக்கூட அவமானப்படுத்த வைத்துவிட்டான் அந்த ஆள். அப்படியானால் வண்டிக்குள் யாரும் இல்லை. அதில் என்ன நிம்மதி இருக்கிறது? வண்டிக்குள் இல்லை என்றால் வண்டிக்கு வெளியே இருக்கிறான், பின்னால் வருகிற பைக்குகளில் ஒன்றில், முகத்தை மூடிய ஹெல்மெட்டில், இந்த ஊர் முழுக்க இருக்கிறான். போலீசுக்குப் போகலாமா? 'என்ன விளம்பரம்மா?' என்று கேட்பார்கள். சொன்னதும் எழுதுகிறவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியுமானால் அவள் எப்போதோ போயிருப்பாள்.

போரூர் ரவுண்டானாவில் எல்லாரும் இறங்கினார்கள். டிரைவர் அவளைப் பார்த்து, "எக்கா, நீ எங்க போணும்?" என்றான். அவள் காசைக் கையில் திணித்துவிட்டு ஒரு செருப்புக்கடையின் தகரத்துக்கு அடியில் போய் நின்றாள். மழை வலுத்தது. மழைக்கு ஒதுங்குகிற ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள், தலையைத் துவட்டினார்கள், ஒருத்தன் செருமினான், ஒருத்தன் போனில் "ஆங், மேடம், சொல்லுங்க மேடம்" என்றான், அவள் ஒரு அடி தள்ளி நின்றாள். ஓட வேண்டும் போலிருந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நீல யூனிஃபார்ம் அம்மாவும் அங்கேதான் முந்தானையைத் தலைக்குப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். பியூலா கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள். சத்தமாகப் பேசப் பயம், பேசாமல் இருக்க அதைவிடப் பயம். "அக்கா, உங்க போன் கொஞ்சம் தரீங்களா. வீட்டுக்குப் பேசணும்." மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். இந்த மூச்சை எங்கேயோ கேட்ட மாதிரி கண்ணில் ஏதோ ஓடி, நின்றது. பிறகு பொத்தான் அமுக்கி நம்பர் போடுகிற பழைய போனை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். பியூலாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அவனுடையது. அடித்தது, அடித்தது, எடுத்தான். பின்னால் சைட் சத்தம், யாரோ ஜல்லி கொட்டினார்கள். சுற்றி நிற்கிற ஆண்களுக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் போனோடு ஒட்டி, பாதி காற்றாக, "நான்தான்" என்றாள். அந்தப் பக்கம் ஜல்லிச் சத்தம் விலகியது; அவன் நடந்து தள்ளி வருகிறான். "நான்தான்னா... யாருங்க?" என்றான். "சொல்லுங்க. யாரு பேசுறீங்க?" அவள் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தாள். சரியான நம்பர்தான். ஞானதுரைதான். ஆனால் இந்தக் குரல் யாருடையது? இளகி, சிரிப்பு ஓரத்தில் ஒட்டி, யாருக்கும் கேட்காமல் கைக்குள் மூடிக்கொண்டு பேசுகிற இந்தக் குரலைப் பதினாலு வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. ஆயிரம் குரலைக் கேட்டவளுக்கு இந்தக் குரல் தெரியவில்லை. "ஹலோ? பேசுங்க..." என்றான் இன்னும் மெதுவாக. தகரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "பியூலா" என்றாள். "நான் பியூலா."

சட்டென்று பழைய ஞானதுரை வந்துவிட்டான். "ஏ, நீயா! இது யாரு நம்பரு? உன் போனு என்னாச்சு? குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?" சத்தம் போட்டுக் கேட்டான், எதையோ மறைக்கிற அவசரத்தோடு. அவள் சொன்னாள். ஒன்றன்பின் ஒன்றாக, முன்னுக்குப் பின்னாக, ஒருத்தன் போன் பண்றான், மஞ்சள் சுடிதாரைப் பார்த்திருக்கான், வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு, அந்த மல்லன் விளம்பரம் நான்தான் பேசினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்களா என்று பார்க்கவில்லை, பார்க்கிற நிலை தாண்டிப் போயிருந்தது. மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. "சும்மா சொல்லாத" என்றான். "சத்தியமா." "நீயா?" "நான்தாங்க." அப்புறம் தயங்கித் தயங்கி, பாதி வெட்கமும் பாதி வேறென்னவோவுமாக, "எங்க... சொல்லிக் காட்டு பார்ப்போம்" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு நேரம் தன்னைத் துரத்தியது ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் இல்லை. அது ஒரு காது, பெரிய காது, ஒரு நாள் ஒருத்தன் தலையில் இருக்கும், இன்னொரு நாள் இன்னொருத்தன் தலையில், தன் வீட்டுத் தலையணையிலும் இருக்கும். "முடியாது" என்றாள். அது அணிலின் குரலில்லை, நாத்தனாரின் குரலில்லை, திரைக்குப் பின்னால் பேசிய குரலும் இல்லை, உடைந்து கரகரத்து, மூக்கடைத்து, எந்த ஸ்டுடியோவிலும் ஓகே ஆகாத குரல். "நான் போரூர்ல நிக்கேன். பயந்துபோய் நிக்கேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா, இல்லியா?" அந்தப் பக்கம் யாரோ அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார்கள். "நில்லு" என்றான் ஞானதுரை. தொண்டையைச் செருமிக்கொண்டான். "அங்கயே நில்லு. வாரேன்." போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா அதை வாங்கி முடிச்சில் சொருகிக்கொண்டாள். தன் முந்தானையின் இன்னொரு பாதியை விரித்துப் பியூலாவின் தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டாள். தன் பஸ் வந்தும் ஏறவில்லை. கருமம் என்று சொன்ன வாய் அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

அவன் பைக்கில் நனைந்துபோய் வந்தான். சட்டையில் சிமெண்ட் கரைந்து வழிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான், தொண்டையைப் பார்த்தான், கடையில் ஒரு சாமானை இத்தனை நாள் இது இங்கேயா இருந்தது என்று பார்க்கிற மாதிரி. "நாளைக்கு ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடுத்துருவோம். நானும் வாரேன். அவன என்ன பண்றேன்னு பாரு" என்றான். நல்ல வார்த்தைதான். அவளுக்கு அழுகை முட்டியது. "ஏறு." ஏறினாள். அவன் தோளைப் பிடித்தாள். மழையில் வண்டி மெதுவாகப் போனது, பின்னால் வருகிற விளக்குகளை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு முகம் இருக்கத்தான் செய்தது. திரும்பி முன்னால் பார்த்தபோதுதான் கவனித்தாள்: அவன் ஹெல்மெட்டை மாட்டவில்லை. அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, தலையை லேசாகப் பின்பக்கம் சாய்த்து, காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தான். எதையோ எதிர்பார்த்து. கேட்காமல், ஆனால் எதிர்பார்த்து. மழைத்தண்ணீர் அந்தக் காதின் மடலில் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த காதுதான், மச்சம்கூட இருந்தது. கையை அவன் தோளிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தாள், எடுத்தால் விழுந்துவிடுவாள். எதிரே ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டை அடைத்து வந்தது. அவன் பார்க்கிற மாதிரி தெரியவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். "லாரி வருது. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பியூலா. எந்தக் குரலில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.